எண்பது பேருக்கு ஒரு கச்சேரி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபாவின் கமிட்டிக் கூட்டம். வைகாசியில் தொடங்கி மாதத்துக்கு ஒன்றாக நடந்த ஆறு கச்சேரிகளும் ஐப்பசியோடு முடிந்துவிட்டன. கணக்கு வாசித்தார்கள், காபி வந்தது. அப்புறம் ஒருவர் மெதுவாக ஆரம்பித்தார்: "அடுத்த வருஷம் மறுபடியும் கல்யாண மண்டபத்துக்கே போயிடலாமே. இடம் பத்தலை. ரெண்டு தடவை ஆட்களைத் திருப்பி அனுப்பும்படி ஆயிடுச்சு." தலையாட்டினவர்கள்தான் அதிகம். எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் எங்களுடையது சின்ன சபா. பல வருஷமாகக் கல்யாண மண்டபத்தில்தான் கச்சேரி வைத்தோம். ஐந்நூறு நாற்காலி, நூறு பேர், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி. மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது கனத்த சத்தம் வரும் பக்கத்தில், ஒரு அடி விழுந்தால் நெஞ்சுக்குள் கேட்கும். வயலின் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும். பாடகர் பாதிக் கச்சேரியில் கையை மேலே காட்டுவார், கீழே காட்டுவார். ராகத்துக்கு இல்லை, சவுண்டுக்காரருக்கு. அவரோ வாசலில் போன் பேசிக்கொண்டிருப்பார்.

இந்த வருஷம் ஒரு பரிசோதனை செய்தோம். ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் ஓவிய வகுப்பு அறை, ஓட்டுக்கூரை. ஜமக்காளம் விரித்தால் ஐம்பது பேர், பின்னால் நாற்காலியில் முப்பது பேர். மைக் கிடையாது. ஸ்பீக்கர் கிடையாது. நிஜத் தம்புரா.

முதல் கச்சேரியில் பாட வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "மைக் எங்கே வைப்பீங்க சார்?" என்றார். முன்கூட்டியே சொல்லியிருந்தோம், ஆனால் அவர் நம்பவில்லை போலிருக்கிறது. முதல் உருப்படியான வர்ணம் முழுக்கக் குரலைத் தள்ளித் தள்ளிப் பாடினார், கஷ்டமாகத்தான் இருந்தது. அரைமணி நேரம் கழித்து சஹானா ராகத்தை வார்த்தையில்லாமல் விரித்துப் பாடும் ஆலாபனை எடுத்தபோது தள்ளுவதை நிறுத்திவிட்டார். கத்த வேண்டியதில்லை என்று அவருக்கே புரிந்துவிட்டது. ரிஷப ஸ்வரத்தில் இறங்கி நின்றபோது தம்புராவும் அவரும் ஒன்றாகிப்போன அந்த ஒரு நிமிஷத்தை எந்த ஸ்பீக்கரிலும் நான் கேட்டதில்லை. சரி, ரசிகர் மிகைப்படுத்துகிறார் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

மிருதங்கக்காரரை நான்தான் அதிகம் கவனித்தேன். 'அடக்கி வாசி' என்று ஊரில் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதற்கு உண்மையான அர்த்தத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாடகி மேல் ஸ்தாயியில் இருந்தால் கை கொஞ்சம் திறக்கும், கீழே இறங்கினால் விரல் மட்டும் பேசும். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் இந்தக் கவனமெல்லாம் தேவையே இல்லை. மைக் பார்த்துக்கொள்ளும். அப்புறம் இன்னொன்று: பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் ஒருவரும் எழுந்து போகவில்லை. எண்பது பேர் இருக்கும் அறையில் எழுந்தால் வித்வானின் கண்ணில் பட்டுவிடுமே!

மைக் இல்லாமல் பாடுவது ஏதோ புதுமை மாதிரி சிலர் பேசுகிறார்கள். மைக்கே நம் சங்கீதத்துக்கு நேற்று வந்ததுதான். 1930-களில்தான் அது கச்சேரி மேடைகளில் பரவியது. அதற்கு முன்னால் நாடக நடிகர் கிட்டப்பா கொட்டகையில் உச்ச சுருதியில் பாடினால் கடைசி வரிசை வரைக்கும் போகும். அது ஒரு வழி, பெரிய கூட்டத்துக்குப் பெரிய குரல். அதே காலத்தில் நேர் எதிர் வழியும் இருந்தது. சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867-1938) வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் வாசிப்பார். பெரிய வித்வான்கள் வந்து ஓரமாக உட்கார்ந்து கேட்பார்கள். விரலால் மீட்டும்போது வீணை எழுப்பும் சத்தம் எவ்வளவு இருக்கும் என்று அந்த வாத்தியத்தின் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் இருமினால் ஒரு கமகம், ஸ்வரத்தின் ஒரு அசைவு, போய்விடும். அங்கே கூட்டம் வாயை மூடிக்கொண்டதால்தான் சங்கீதம் கேட்டது. க்ஷேத்ரக்ஞரின் தெலுங்குக் காதல் பாட்டுகளான பதங்களும், அவற்றை நிதானமாகப் பாடும் அந்த விளம்ப காலமும் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி என்று பேத்திகளுக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்த மாதிரி வீட்டுக்குள்ளிருந்துதான்.

மேற்கே இதற்கென்று பெயரே வைத்துவிட்டார்கள், சேம்பர் மியூசிக் என்று. அறையில் வாசிக்கிற இசை. உதாரணமாக இரண்டு வயலின், அதைவிடப் பெரிய ஒரு வயோலா, இன்னும் பெரிய ஒரு செல்லோ. கோலை ஆட்டி நடத்துபவர் யாரும் கிடையாது. ஒருவர் மூச்சை ஒருவர் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். லண்டனில் விக்மோர் ஹால் என்று ஒன்று, 1901-இல் ஒரு ஜெர்மன் பியானோ கம்பெனி தன் கடைக்குப் பக்கத்தில் கட்டியது. அங்கே சுமார் 550 பேர்தான் உட்காரலாம். உலகத்தில் பெரிய பெயர் வாங்கியவர்கள் இன்றும் அந்தச் சின்ன மேடையில் வாசிக்க ஆசைப்படுகிறார்கள். நம் கச்சேரியிலும் மேடையில் நாலைந்து பேர்தான், நமக்கும் நடத்துநர் கிடையாது. ஆனால் 1962-இல் திறந்த சென்னை மியூசிக் அகாடமி அரங்கத்தில் சுமார் 1,600 பேர் உட்காரலாம். சென்னையில் அவ்வளவு கூட்டம் வருகிறது, அவர்களுக்கு அது வேண்டும். கும்பகோணத்தில் நூறு பேருக்கு எதற்கு?

மைக்கை நான் திட்டித் தீர்க்கப்போவதில்லை. மென்மையான குரல்களுக்கு அது வாழ்வு கொடுத்தது. கத்தாமல் குழைந்து பாடலாம் என்ற நிலைமை அதனால்தான் வந்தது. ரேடியோவும் மைக்கும் இல்லையென்றால் என் அப்பா ஒரு கச்சேரிகூடக் கேட்டிருக்க மாட்டார். அவரை எந்தக் கூடத்துக்குள்ளும் யாரும் கூப்பிட்டதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், முதலில் இந்தத் தொடரை ஓர் உறுப்பினர் வீட்டுக் கூடத்தில்தான் நடத்துவதாக இருந்தது. அருமையான கூடம், மரத் தூண்கள், ஒலி அப்படியே நிற்கும். நான்தான் வேண்டாம் என்றேன். சின்ன இடம் என்றாலே யாரை உள்ளே விடுவது என்ற கேள்வி ஒட்டிக்கொண்டு வரும். ஒரு வீட்டு வாசற்படியை ஏறுவதற்கு நம் ஊரில் இன்னும் எத்தனை பேர் தயங்குகிறார்கள் என்று ஏற வேண்டிய அவசியம் இல்லாதவர்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குள் யாரும் வரலாம். வந்தார்கள். மூன்றாவது கச்சேரிக்குப் பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் ஒன்றைக்கூட விடவில்லை.

குறைகள் இருந்தன, மறைக்கவில்லை. வைகாசி வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொன்னபோது என்னை அடிக்காத குறைதான். கடகடவென்று சத்தம் போடும் ஃபேன்கள், ஆலாபனையின்போது ஓடினால் பாட்டே கேட்காது. பனையோலை விசிறி வாங்கிப் போட்டோம். காது மந்தமான மூத்தவர்கள் நாற்காலி இருக்கும் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். நியாயமான புகார். முன்னால் பக்கவாட்டில் பத்து நாற்காலி போட வேண்டும் என்பது எங்களுக்கு நாலாவது மாதம்தான் உறைத்தது. நாகஸ்வரத்தை அந்த அறைக்குள் வைக்கவே முடியாது, அது வெட்டவெளிக்குப் பிறந்த வாத்தியம். அதற்கு பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது, அங்கேயும் மைக் வேண்டாம்.

இடம் பற்றாததற்கு என் யோசனை இது: ஒரே கச்சேரியை சனி, ஞாயிறு இரண்டு நாளும் வையுங்கள். மண்டப வாடகையும் சவுண்டு வாடகையும் மிச்சம்தானே? அதை எடுத்துக் கலைஞருக்கு இரண்டாம் நாள் சன்மானமாகக் கொடுங்கள். இரண்டாம் நாள் அவர் வேறு ராகம் பாடினால் பாதிப் பேர் மறுநாளும் வருவார்கள். அப்போது மறுபடியும் இடம் பற்றாது, அது வேறு விஷயம்.

ஐப்பசிக் கச்சேரியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. வீணை. பைரவி ராகத்தைத் தாளமில்லாமல் ஒரு லயத்தோடு வாசிக்கும் தானம் நடுவில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின் மேல் விழுகிற சத்தத்தில் வீணை சுத்தமாகக் காணாமல் போய்விட்டது. வாசித்த அம்மா கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். கச்சேரி அவ்வளவுதான் என்று நான் நினைத்தபோது, முன்வரிசையில் இருந்த தையல் கடைக்காரர் எழுந்து ஜமக்காளத்தை மேடைப் பக்கம் இழுத்தார். பின்னால் இருந்தவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் எண்பது பேரும் வீணையைச் சுற்றி முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்துவிட்டோம். மழை விடவில்லை. அவர் தானத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்தார். எங்களுக்குக் கேட்டது.

அடுத்த கூட்டம் 14-ஆம் தேதி. மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் என்னையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.