சர்க்கரை நோயாளிகள் காப்பர்-டி போடக் கூடாதா?

“சர்க்கரை நோய் உள்ள பெண்கள் காப்பர்-டி போட்டால் கருப்பை புண்ணாகும், சர்க்கரையும் ஏறும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கருத்தடைக்காகக் கருப்பைக்குள் பொருத்தும், மூன்று சென்டிமீட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் ‘டி’, அதன்மேல் சுற்றிய செம்புக் கம்பி, அவ்வளவுதான் காப்பர்-டி. அதில் ஹார்மோனே இல்லை, பிறகு சர்க்கரை எப்படி ஏறும்? உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி வழிகாட்டியில், சர்க்கரை நோயாளிகளுக்கு இது எந்தத் தடையும் இல்லாத முதல் பிரிவில் இருக்கிறது. இன்சுலின் போடுபவர்களுக்கும் அப்படியே. கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம் இரண்டாம் பிரிவு. அதையும் பொதுவாகப் பயன்படுத்தலாம்.

தொற்று அபாயம் சிறிதளவு கூடுவது பொருத்திய முதல் மூன்று வாரங்களில்தான். காய்ச்சலோ கடும் வயிற்றுவலியோ வந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

எனக்குக் கவலை வேறு. இந்தச் செய்திக்குப் பயந்து கருத்தடையே இல்லாமல் இருந்து, சர்க்கரை கட்டுப்படாத நிலையில் எதிர்பாராமல் கரு உண்டானால், குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாகும் முதல் எட்டு வாரங்களிலேயே பாதிப்பு நேரலாம்.