ரோமில் ஜென்னிங்ஸ் தோற்றாரா?

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பிரான்டன் ஜென்னிங்ஸ் 2008-ல் கல்லூரிக் கூடைப்பந்தைத் தவிர்த்து, இத்தாலியின் லோட்டோமாட்டிகா ரோமா அணிக்குப் போனது தோல்வி என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இத்தாலி லீக்கில் ஆட்டத்துக்கு 5.5 புள்ளிதான் என்பது சரி. ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இத்தாலியில் பின்பற்றும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனம்) விதிப்படி ஆட்டம் 40 நிமிடம், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் 48. அதைவிட முக்கியம், என்பிஏவில் தடுப்பாட்டக்காரர் யாரையும் மறிக்காமல் கூடைக்கு முன்னால் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக்கூடாது. ஃபிபாவில் அந்தத் தடை இல்லை. உயரமான சென்டர் (கூடையருகே ஆடுபவர்) அங்கேயே நங்கூரம் போட்டு நிற்பார். பாய்ந்து உள்ளே நுழைவதையே பலமாக வைத்திருந்த 19 வயதுப் பையனுக்குப் பாதி வழி அடைபட்டுவிடும். போதாததற்கு, கடைசி இடங்களுக்குப் போனால் கீழ் டிவிஷனுக்கு இறக்கும் லீக் அது. எந்தக் கோச்சும் சின்னப் பையனைத் தப்பு செய்து பழகட்டும் என்று விடமாட்டார்.

அப்புறம் நடந்ததையும் பாருங்கள். 2009 டிராஃப்டில் (என்பிஏ அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 10-வது ஆளாக அவரை மில்வாக்கி அணி எடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் கோல்டன் ஸ்டேட் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 55 புள்ளி. முதல் கால்பகுதியில் பூஜ்யம், மூன்றாவதில் மட்டும் 29!

பின்னாளில் அவர் சரிந்ததற்கு ரோமைக் காரணம் காட்டுவதும் அநியாயம். 2015 ஜனவரியில், டெட்ராய்ட் அணியில் பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்தபோது குதிகால் தசைநார் அறுந்தது. முதல் அடியிலேயே எதிராளியைத் தாண்டுகிற வேகம் அதோடு போய்விட்டது.