நெறிகட்டுக்குச் சீன மூலிகை "நிரூபிக்கப்பட்டதா"?

"பொன்னுக்குவீங்கிக்கும் கழுத்து நெறிகட்டுக்கும் சீன மூலிகை நிரூபிக்கப்பட்ட மருந்து, பக்கவிளைவே கிடையாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு.

பான்லான்கென் வேரைப் பொன்னுக்குவீங்கிக்கும், சியா கூ சாவ் பூங்கதிரைக் கழுத்துக் கட்டிகளுக்கும் சீனாவில் நெடுங்காலமாகக் கொடுத்து வருவது உண்மைதான். ஆனால் பழைமை வேறு, நிரூபணம் வேறு. பொன்னுக்குவீங்கிக்கான சீன மூலிகைகளைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் புதுப்பித்த மதிப்பாய்வில், சேர்த்துக்கொள்ளும் தரத்தில் ஒரு ஆய்வுகூடக் கிடைக்கவில்லை. அந்த நோயோ பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். பேர் மட்டும் கஷாயத்துக்குப் போகிறது.

பக்கவிளைவு விஷயம்தான் எனக்குக் கவலை. தைராய்டு வீக்கத்துக்குத் தரும் ஹுவாங் யாவ் ஸி (ஒரு வகைக் காட்டு வள்ளிக்கிழங்கு) கல்லீரலைக் கெடுத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கடற்பாசி மருந்துகளில் அயோடின் அதிகம்; தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களுக்கு அது ஆபத்து.

தயவுசெய்து, கட்டி கெட்டியாக இருந்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, சில வாரங்களாகியும் வடியாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். காசநோயும் நிணநீர்ப் புற்றுநோயும் இப்படித்தான் வலியில்லாமல் தொடங்கும்.