காகம் செத்தால் யாரிடம் சொல்வது?

1999 கோடையில் நியூயார்க்கில் காகங்கள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. ஆகஸ்டில் அதே நகரின் குயின்ஸ் பகுதியில் வயதானவர்கள் சிலர் மூளைக்காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். ரத்தத்தைச் சோதித்து, கொசு பரப்பும் செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று அறிவித்தார்கள். கொசுமருந்தும் அடித்தாயிற்று. காகங்களைப் பற்றி அந்தக் கோப்பில் ஒரு வரி கிடையாது.

பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில் விலங்குகள் எதனால் செத்தன என்று ஆராயும் நோய்க்குறியியல் வேலை பார்த்துவந்த டிரேசி மெக்நமாராவுக்கு இது உறுத்தியது. அவர் பொறுப்பில் இருந்த பூநாரைகளும் செத்துக்கொண்டிருந்தன. செயின்ட் லூயிஸ் வைரஸ் பறவைகளின் உடம்பில் இருக்கும், ஆனால் அவற்றைக் கொல்லாது. சரி, குதிரைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சலாக இருக்குமா? அதுவென்றால் முதலில் ஈமுக்கள் விழுந்திருக்க வேண்டும். ஈமுக்களோ ஒரு குறையும் இல்லாமல் திரிந்தன. சொன்னார்; மனித நோய்களைப் பார்ப்பவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் மாதிரிகளை விலங்கு நோய் ஆய்வகத்துக்கு அனுப்பினார், அங்கிருந்து அவை ராணுவ ஆய்வகத்துக்குப் போயின. செப்டம்பர் கடைசியில்தான் உண்மை தெரிந்தது: 1937இல் உகாண்டாவில் கண்டறியப்பட்ட வெஸ்ட் நைல் வைரஸ், முதன்முறையாக அமெரிக்கக் கண்டத்தில். அந்த ஆண்டு 7 பேர் இறந்தார்கள்.

ரத்தப் பரிசோதனை செய்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வைரஸும் பங்காளிகள். வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனையில் ஒன்று இன்னொன்றாகத் தெரியும். ஆய்வகத்தால் பிரிக்க முடியாததை ஈமு பிரித்துக் காட்டியது.

அதே சமயத்தில் மலேசியாவிலும் இதே கூத்துதான். பன்றிப் பண்ணைக்காரர்கள் மூளைக்காய்ச்சலில் விழ, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டி, தடுப்பூசியும் கொசுப்புகையும் போட்டார்கள். அந்த நோய் பெரும்பாலும் குழந்தைகளைத்தானே பிடிக்கும்? இங்கே படுத்தவர்களோ பன்றியோடு வேலை செய்த பெரியவர்கள். அவர்களுக்கு முன்பே பன்றிகள் இருமிக்கொண்டிருந்தன. நிபா என்று பெயர் வைப்பதற்குள் நாட்கள் போய்விட்டன. 105 பேர் இறந்தார்கள், சுமார் பத்து லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். பண்ணையை ஒட்டி நின்ற பழமரங்களில் வௌவால்கள் கடித்துப்போட்ட பழம் நேரே கொட்டிலுக்குள் விழுந்திருக்க வேண்டும் என்பது பிறகு புரிந்தது.

இப்போது ‘ஒன் ஹெல்த்’, அதாவது எல்லோருடைய ஆரோக்கியமும் ஒன்றோடொன்று பிணைந்தது என்று சொல்லி மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் என மூன்று வட்டங்களைப் போட்டுக் காட்டாத கருத்தரங்கு இல்லை. கைதட்டி முடித்ததும் அவரவர் துறைக்குப் போய்விடுகிறார்கள். மூன்றாவது வட்டத்துக்கு, அதாவது மரத்துக்கும் மண்ணுக்கும், ஆளே இருப்பதில்லை.

ஆனால் எனக்குத் தெரிந்த மிக நல்ல வேலை அந்த வட்டத்தில் நடந்ததுதான். 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஒரு லாயத்துக் குதிரைகளையும் அவற்றின் பயிற்சியாளரையும் கொன்றது ஹெண்ட்ரா வைரஸ். அதுவும் வௌவாலிடமிருந்து வந்ததே. வௌவாலிடம் வைரஸ் எப்போதும் உண்டு, குதிரைக்குத் தாவுவது மட்டும் ஏன் சில வருடங்களில்? 25 ஆண்டுத் தரவை வைத்து 2022இல் வெளிவந்த ஆய்வு சொன்ன பதில் பூ. காடு அழிந்து குளிர்காலத் தேன் கிடைக்காதபோது வௌவால்கள் சிறு கூட்டங்களாகப் பிரிந்து மனிதர் வாழும் பக்கம் ஒதுங்கின. மிச்சமிருந்த யூகலிப்டஸ் காடு நன்றாகப் பூத்த குளிர்காலங்களில் அவை அங்கே போய்விட்டன, குதிரைகளும் தப்பின.

வௌவாலைப் பிடித்துப் புது வைரஸ் தேடப் போகிறேன் என்றால் நிதி கிடைத்துவிடுகிறது. எந்த மரம் எந்த மாதம் பூக்கிறது என்று இருபது வருடம் குறித்து வைக்கப் போகிறேன் என்று ஒரு விண்ணப்பம் எழுதிப் பாருங்கள்.