தூண்டிலைத் தடை செய்தால் தண்ணீர் இறங்கிவிடுமா?

அந்த வீடியோவைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நேற்று என் மச்சானே அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே சிரிக்கிற முகத்தை வரிசையாக வைத்துவிட்டார். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மலேசியாவின் வடக்கே ஓடுகிற சுங்கை மூடா ஆறு, பாலத்தடி, மழைக்கோட்டு போட்ட நாலு பேர், கையில் ஜோரான் என்கிற தூண்டில் கோல், முன்னால் செம்மண் கலங்கி ஓடுகிற ஆறு. பின்னணியில் சோகமாக ஒரு புல்லாங்குழல். "ஊரே தண்ணியில மிதக்குது, இவனுங்களுக்கு ஊடாங் காலா கேக்குது" என்று தலைப்பு. ஊடாங் காலா என்றால் பெரிய ஆற்று இறால். பதிவைப் போட்டவர் அதோடு விட்டாரா? ஆற்றங்கரையில் மீன் பிடிப்பதையே தடை செய்ய வேண்டுமாம். கரை இடிவது, ஆறு நாறுவது, வெள்ளம் வருவது, எல்லாவற்றுக்கும் இந்தக் கூட்டம்தான் காரணமாம்.

சரி. தடை செய்யுங்கள். நாளைக்கே செய்யுங்கள். தண்ணீர் ஒரு அங்குலம் இறங்குகிறதா என்று நானும் வந்து பார்க்கிறேன்.

அந்த ஆறு எங்கே பிறக்கிறது என்று அந்தப் பதிவருக்குத் தெரியுமா? கெடாவில், உலு மூடா காட்டில். அங்கிருந்து ஜெனியாங், சீடாம், பினாங் துங்கால் என்று சுமார் 180 கிலோமீட்டர் வந்து, கடைசியில் கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடிக் கடலில் சேருகிறது. வழியில் பாலிங் பக்கத்துத் தண்ணீரைச் சுங்கை கெட்டில் கொண்டுவந்து இதில்தான் கொட்டுகிறது. மொத்தம் நாலாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலம். பினாங்கு மாநிலத்தைப் போல் ஏறக்குறைய நாலு மடங்கு. அவ்வளவு நிலத்தில் பெய்த மழையும் கோலா மூடா என்ற ஒரே வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கடலில் பெரிய ஏற்றம் இருந்தால் கடலும் வாங்காது, தண்ணீர் தேங்கும், பக்கத்து வயலிலும் கம்பத்திலும் ஏறும். இதில் பாலத்தடியில் நின்ற நாலு பேருடைய பங்கு என்ன? கூரை ஒழுகுகிறது என்று கீழே வைத்த வாளியைத் திட்டுகிற கதைதான்.

2022 ஜூலையில் பாலிங்கில், கூப்பாங்கில் என்ன நடந்தது? மலையிலிருந்து மரக்கட்டையும் சேறுமாக ஒரே அடியாக இறங்கியதே, உயிர்ச்சேதம் ஆனதே. மேலே குனோங் இனாஸ் மலையில் காட்டை அழித்து முசாங் கிங் டுரியான் தோட்டம் போட்டதைப் பற்றி நாடே பேசியது. பேசி என்ன, டுரியான் பருவம் வந்ததும் வரிசையில் நின்று வாங்கியதும் நாம்தான். அன்றைக்கு யார் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்? 2017 நவம்பர் 4 இரவு பினாங்கில் காற்றும் மழையுமாக அடித்ததே, 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி, ராணுவத்தை அழைக்கிற அளவுக்குப் போய், ஏழு பேர் இறந்தார்களே. அன்று மூழ்கிய ஜாலான் பி. ரம்லி தெருவில் யாராவது ஜோரானோடு நின்றார்களா?

உடனே சிலர் வருவீர்கள், "அண்ணே, அவங்க குப்பை போடுறாங்கதானே" என்று. போடுகிறார்கள். நுரைப்பெட்டி, அறுந்த தூண்டில் நரம்பு, உம்பான் (தூண்டில் இரை) வாங்கி வந்த பிளாஸ்டிக் பை எல்லாம் கரையில் கிடக்கிறது, நானே திட்டியிருக்கிறேன். குப்பை போடுகிறவனைப் பிடித்து அபராதம் போடுங்கள். அதற்கும் வெள்ளத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். கரை இடிவதைப் பற்றிப் பேச வேண்டுமானால் மணல் அள்ளுவதைப் பற்றிப் பேசுங்கள். ஆற்றின் அடியைத் தோண்டிக்கொண்டே போனால் கரை எதன் மேல் நிற்கும்? ஆனால் மணல் லாரியை வீடியோ எடுக்க யாருக்கும் தைரியம் வராது. மழைக்கோட்டு போட்டவனை எடுப்பது சுலபம். அவன் திருப்பிக் கேட்க மாட்டான்.

"வெள்ள நேரத்தில் இவர்களைக் காப்பாற்றப் போய் போம்பாக்காரர்களுக்கு (தீயணைப்பு வீரர்களுக்கு) ஆபத்து" என்று ஒரு அக்கா மிகவும் பொறுப்பாக எழுதியிருந்தார். அக்கா, அந்த நாலு பேரை யாரும் காப்பாற்றவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. தண்ணீர் ஏறியதும் அவர்களாகவே சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அதே பாலத்தின் மேல் காரை நிறுத்தி, பிள்ளையைத் தடுப்பில் உட்காரவைத்து, ஆற்றைப் பின்னால் விட்டுப் படம் எடுத்தவர்கள் எத்தனை பேர்? அவர்களைப் பற்றி ஒரு வரி உண்டா? கிடையாது, ஏனென்றால் வீடியோ எடுத்தவரும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றார்.

ஆற்றில் தூண்டில் போடுகிறவனுக்குத் தண்ணீரைப் பற்றி உங்களை விட அதிகம் தெரியும். ஊடாங் காலாவுக்கு முட்டையிலிருந்து குஞ்சு வளர உப்பு கலந்த தண்ணீர் வேண்டும், அதனால் சினை இறால் கழிமுகத்தை நோக்கி இறங்கும். மேலே மழை தள்ளினால் மற்றதும் கூடவே இறங்கி வரும். அதற்காகத்தான் ஆள் காத்திருக்கிறான். காத்திருக்கிறவன் ஏற்ற வற்றம் பார்ப்பான், தடுப்பணைக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பான், வெள்ள அளவு காட்டுகிற இன்ஃபோபஞ்சிர் இணையப் பக்கத்தைத் திறந்து மேலே ஜெனியாங் பக்கம் அளவு வாஸ்பாடாவா (உஷார்), அதற்கும் மேலே அமாரானா (எச்சரிக்கை) என்று பார்ப்பான். தாமான் குடியிருப்பில் இருக்கிற நாம் எப்போது பார்க்கிறோம்? வாசலில் செருப்பு மிதக்கும்போது.

என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். சாயங்காலமானால் ஆறுதான். கரையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் தொடுகிற இடத்தில் ஒரு குச்சியை நடுவார். ஒரு சுருட்டு முடிவதற்குள் குச்சி முங்கினால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் எழுந்துவிடுவார். 2003 அக்டோபரில், தீபாவளி நெருங்குகிற சமயம், ஒரு நாள் வெறுங்கையோடு சீக்கிரமே வந்தார். "வேரோட மூங்கில் வருது, புல்லு திட்டுத் திட்டா வருது, தண்ணி வாடையே மாறிப்போச்சு" என்றார். லயத்தில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். அரிசி மூட்டையை மேசை மேல் ஏற்றுங்கள், கேஸ் தோம்பை (சிலிண்டரை) கட்டுங்கள், கிழவிகளை மேட்டுக்கு அனுப்புங்கள் என்று. சிலர் ஏற்றினார்கள். சிலர் "தண்ணிய போட்டுட்டு உளறுறான்" என்று கதவைச் சாத்தினார்கள். சாத்தினவர்களையும் மறுநாள் அதே ஆள்தான் சம்பான் படகில் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த வருடம் கெடாவிலும் பினாங்கிலும் எப்படி ஏறியது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். வடிந்த பிறகு எங்கள் வீட்டுச் சாமி படத்தில் மாரியம்மனுக்கு இடுப்பு வரைக்கும் சேறு. அம்மா பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துக் கண்ணாடி ஓரத்தில் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

அப்பாவுக்கு யாரும் மாலை போடவில்லை, அவர் கேட்கவும் இல்லை. ஆனால் "வேலை வெட்டி இல்லாதவன்தான் ஆத்தங்கரையில உட்காருவான்" என்று அந்த வீடியோவின் கீழே நம்ம ஆட்களே எழுதுகிறீர்களே, அதைப் படிக்கும்போது எனக்கு யார் முகம் வரும்? மச்சானே, உன் அம்மாவும் அந்தச் சம்பானில்தான் வந்தார்.

இன்னொன்று. அந்த நாலு பேரில் நீல மழைக்கோட்டுக்காரரை எனக்குத் தெரியும். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மனைவி பிள்ளைகள் நிவாரண மையத்தில். தினக்கூலி வேலை, மழையில் வேலை இல்லை. கிடைத்த இறாலைக் கடையில் கொடுத்தால் கையில் கொஞ்சம் காசு வரும். வீடு காய்ந்திருந்தாலும் அவர் போயிருப்பார், அது வேறு விஷயம். இறால் பைத்தியம். ஆனால் "ஊரே மிதக்கும்போது" என்று நீங்கள் எழுதியது அவர் வீட்டைப் பற்றித்தான். மிதந்தவரைப் பார்த்தே மிதக்கும்போது என்ன செய்கிறாய் என்று கேட்கிறீர்கள். நிவாரண மையத்துக்குப் பைகள் வந்தனவாம். பையில் அரிசியை விடக் கொடுத்தவர் படம் பெரிது. அதை யாரும் வீடியோ எடுத்துச் சோக இசை போடவில்லை.

"நீங்க மீன் பிடிக்கிறவர், அதனால சப்போர்ட் பண்றீங்க" என்பீர்கள். ஆமாம், அதனால்தான். ஆற்றுக்குப் போகிறவன் ஆற்றைப் பற்றிப் பேசாமல் யார் பேசுவது? பினாங்குக் குழாயில் வருகிற தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் இந்த ஆற்றிலிருந்துதான், லஹார் தியாங்கில் இழுத்து அனுப்புகிறார்கள். அந்தப் பதிவர் காலையில் குளித்ததும் காப்பி கலக்கியதும் சுங்கை மூடா. கெடா வருடத்துக்கு 50 மில்லியன் ரிங்கிட் கேட்கிறது, பினாங்கு தர முடியாது என்கிறது, இந்தச் சண்டை நடக்கும்போதெல்லாம் நாம் கைதட்டி வேடிக்கை பார்க்கிறோம். மேலே காடு நின்றால்தான் வெயிலில் தண்ணீர் இருக்கும், மழையில் அது நிதானமாக இறங்கும் என்பதைப் பற்றி ஒரு வீடியோ போடுங்களேன். உங்களுக்குத்தான் அத்தனை பேர் ஃபாலோ பண்ணுகிறார்களே. புல்லாங்குழல் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

தடை போடுகிறீர்களா, போடுங்கள். அடுத்த மழைக்குக் கரையில் ஒருத்தர் கூட இருக்க மாட்டார். தண்ணீர் அப்போதும் வரும். ஏறுகிறது என்று ஓடிவந்து சொல்லத்தான் ஆள் இருக்காது.

கமென்ட்டில் அந்தப் பதிவரை டேக் செய்யாதீர்கள், பிரயோஜனம் இல்லை. "ஜெனியாங் எந்தப் பக்கம் இருக்கு, தெரியுமா" என்று மரியாதையாகத்தான் கேட்டேன், பிளாக் செய்துவிட்டார். மச்சான், நீ குழுவிலிருந்து அதை நீக்கிவிடு. அம்மா பார்ப்பதற்குள்.