ஃபாலரோப்பைப் படமெடுக்கிறீர்களா? கொஞ்சம் பின்னால் வாருங்கள்

ஜூலை வந்தால் போதும், கலிஃபோர்னியாவின் மோனோ என்ற உப்பு ஏரியிலிருந்து ஃபாலரோப் என்ற நீர்ப்பறவையின் படங்கள் வரத் தொடங்கிவிடும். ஃபிரேம் முழுக்க ஒற்றைப் பறவை, பின்னணியில் மங்கலான நீலம். அழகான படங்கள்தான். ஆனால் அது எந்தத் தண்ணீரில் நிற்கிறது என்பதை வெட்டிவிட்டால் பாதிக் கதை போய்விடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

நமக்குத் தெரிந்த உள்ளான்களின் குடும்பம்தான் இது. மிதந்தபடியே பம்பரமாகச் சுற்றும். அந்தச் சுழற்சியில் அடிநீர் மேலே வர, கூடவே வரும் சிற்றுயிர்களைக் கொத்தும். அலகு நுனியில் இரையோடு ஒட்டிய நீர்த்துளியை, அலகைத் திறந்து மூடித் திறந்து மூடியே வாய்வரை ஏற்றிவிடும். பளிச்சென்ற நிறம் பெண்ணுக்கு. அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண். முட்டையிட்ட கையோடு பெண் கிளம்பிவிடும். அதனால்தான் கோடையில் மோனோவுக்கு முதலில் வந்து சேரும் வில்சன் என்ற வகை ஃபாலரோப்கள் பெண்களாகவே இருக்கின்றன.

வந்ததும் தீனிதான். சில வாரங்களுக்குள் பழைய இறகுகளை உதிர்த்து, எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டு தென்னமெரிக்காவுக்குப் பறக்க வேண்டும். ஆளைக் கண்டு அவ்வளவாக மிரளாத பறவை என்பதால் கிட்டே போகத் தோன்றும். தயவுசெய்து போகாதீர்கள். கயாக்கில் கூட்டத்துக்குள் நுழைந்தால் மொத்தமும் எழும்பும். அதில் கரைந்த கொழுப்பை மறுபடி தின்றுதான் சேர்க்க வேண்டும். கரையில் தாழ உட்கார்ந்திருங்கள். நீர் விளிம்பில் ஈக்கள் அப்பிக் கிடக்கும். அவற்றைத் தேடிப் பறவையே வரும்.

அப்புறம், அந்தத் தண்ணீர். ஏரிக்கு வரும் ஓடைகளை லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1941-இல் திருப்பத் தொடங்கியது. நீர்மட்டம் 40 அடிக்கும் மேல் இறங்கி, உப்பு இரட்டிப்பானது. ஏரியின் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 6,392 அடி உயரத்துக்கு ஏற வேண்டும் என்று 1994-இல் மாநில நீர் வாரியம் உத்தரவிட்டது. முப்பது ஆண்டுகள் தாண்டியும் ஏரி அந்த மட்டத்தைத் தொடவில்லை. இந்தப் பறவைகள் தங்கிச் செல்லும் இன்னொரு இடமான யூட்டாவின் பெரும் உப்பு ஏரி, 2022-இல் இதுவரை காணாத அளவுக்கு வற்றியது. உப்பு மிஞ்சினால் ஈயும் உப்பு இறாலும் குறையும், பறவைக்குத் தீனி இருக்காது. 2024-இல் வில்சன் ஃபாலரோப்புக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்டு அமெரிக்க அரசிடம் மனுவே போயிருக்கிறது.

நெருக்கமான படத்தில் இது எதுவும் தெரியாது. தண்ணீருக்கடியில் உருவான சுண்ணாம்புத் தூண்கள் இன்று காய்ந்த தரையில் நிற்பதும், அதற்கப்பால் புள்ளி புள்ளியாய்ப் பறவைக் கூட்டம் மேய்வதும் ஒரே ஃபிரேமில் வந்தால் பார்ப்பவருக்கு எல்லாம் புரிந்துவிடும்.

600 எம்எம் லென்ஸ் இருக்கட்டும், கூடவே அகலக் காட்சி பிடிக்க ஒரு 24-70 எம்எம் லென்ஸையும் பையில் போடுங்கள். ஜூலைக்குப் பிறகு இன்னொரு வகையான செங்கழுத்து ஃபாலரோப்களைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கும் இதேதான். படத்தைப் பதிவிடும்போது ஏரியின் பெயரையும் தேதியையும் மறக்காமல் எழுதுங்கள்.