வெயிலுக்கு மூடிக்கொள்கிற ஊர்

"இந்த வெயில்ல ஜாக்கெட்டா சார்?" என்று ஆபீஸ் பார்க்கிங்கில் யாராவது கேட்காமல் என் மே மாதம் முடிவதில்லை. கேட்கிறவர் அப்போதுதான் முழங்கைக்கு மேல் வரை இழுத்துவிட்டிருந்த துணி உறையைக் கழற்றிக்கொண்டிருப்பார். முகத்தில் கட்டியிருந்த கைக்குட்டை கழுத்தில் தொங்கும்.

பகல் பதினோரு மணிக்கு வடபழனி சிக்னலில் நின்று பாருங்கள். கண் மட்டும் தெரிகிற மாதிரி துப்பட்டாவைச் சுற்றிய பெண்கள், சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள், முழுக்கைச் சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு போகிற ஆண்கள். அக்னி நட்சத்திரத்திலும் சென்னை மூடிக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறது. அதனால் 'புழுக்கம் தாங்காமல்தான் இங்கே யாரும் ரைடிங் கியர் (விழுந்தால் உடம்பைக் காக்கிற ஜாக்கெட், கிளவுஸ், ஷூ வகையறா) போடுவதில்லை' என்ற பேச்சை நான் நம்புவதில்லை. கறுத்துவிடுவோம் என்ற பயம் ஒன்று போதும், எந்தப் புழுக்கத்தையும் தாங்கிவிடுவோம். நாம் போட்டுக்கொள்கிற துணி வெயிலைத் தடுக்கிறது, தார் ரோட்டைத் தடுப்பதில்லை. சிக்கல் அங்கேதான்.

நான் சொல்ல வருவது கொஞ்சம் தலைகீழாகத் தெரியலாம். ரைடிங் கியர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வசதி, தரச் சான்றெல்லாம் அதற்கு அடுத்துதான். பீரோவில் தொங்குகிற உயர்ந்த ரக லெதர் ஜாக்கெட்டைவிட, மே மாத மத்தியானத்தில் தாம்பரம் வரை போட்டுக்கொண்டு போக முடிகிற சுமாரான மெஷ் (காற்று புகும் வலைத்துணி) ஜாக்கெட் எவ்வளவோ மேல். போடாத கியர் யாரையும் காப்பாற்றாது.

"நான் எங்க வேகமா போறேன், அம்பதைத் தாண்ட மாட்டேன்" என்பார்கள். மணிக்கு 50 கி.மீ. என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். அந்த வேகத்தில் விழுந்து காய்ந்த ரோட்டில் சறுக்கினால், நிற்பதற்குள் இன்னொரு 14 மீட்டர் போல உடம்பு தேய்ந்துகொண்டே போகும். இரண்டு நொடி ஆகும். சாதாரண ஜீன்ஸ் துணி உராய்வுச் சோதனையில் ஒரு நொடிகூடத் தாங்காது. லெக்கிங்ஸ், ஸ்போர்ட்ஸ் டீ-சர்ட் இன்னும் மோசம். பாலியஸ்டர் உரசல் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்வது காயத்தைவிடக் கொடுமை.

தவிர, நம் ஊரில் விழுவதற்கு வேகமே தேவையில்லை. தண்ணி லாரி ஒழுகவிட்டுப் போன ஈரம், மெட்ரோ வேலைக்காகப் பள்ளத்தின் மேல் போட்ட இரும்புத் தகடு, ஈ.சி.ஆர். ஓரத்தில் சேர்ந்து கிடக்கிற மணல், ராத்திரியில் குறுக்கே பாயும் நாய். இதற்கெல்லாம் 30 கி.மீ. போதும்.

சரி, வெயிலுக்கு வருவோம். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. ஆனால் நம்மைப் படுத்துவது அந்த டிகிரி மட்டும் இல்லை, கடற்காற்றோடு வருகிற ஈரப்பதம். உடம்பு குளிர வேண்டுமானால் வேர்வை ஆவியாக வேண்டும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். இப்படிப்பட்ட ஊரில் காற்று புகாத ஜாக்கெட்டைப் போடுவது தண்டனை. சூட்டில் தலை கிறுகிறுத்து, எரிச்சலோடு, எப்போதடா வீடு வரும் என்று ஓட்டுகிறவன் சிக்னலைக் கவனிப்பதில் கோட்டைவிடுவான். அசௌகரியமும் ஒரு ஆபத்துதான் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதைப் புரிந்துகொண்டு வேலை செய்கிறவர்கள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். அங்கே 2018-இல் தொடங்கிய மோட்டோகேப் என்ற திட்டத்தில், கடைகளில் விற்கும் ஜாக்கெட், பேன்ட்டை எல்லாம் வாங்கிச் சோதித்து, பாதுகாப்புக்குத் தனி மதிப்பெண், காற்றோட்டத்துக்குத் தனி மதிப்பெண் என்று போட்டு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் வெயில் ஊர், வலி தெரியும். நமக்கு அப்படி ஒன்று வரும்வரை அந்தப் பட்டியலை மேய்ந்து பார்க்கலாம். அங்கே விற்கிற பிராண்டுகள் எல்லாம் இங்கே கிடைக்காது. ஆனாலும் எந்த மாதிரித் துணி எப்படி மதிப்பெண் வாங்குகிறது என்று பிடிபடும்.

மெஷ் ஜாக்கெட் போட்டால் வேர்க்காது என்று நான் சொல்ல மாட்டேன். வண்டி ஓடும்போது காற்று உள்ளே புகுந்து வேர்வையைக் காயவைக்கும், நன்றாகவே இருக்கும். ஆற்காடு சாலையில் மூன்று சிக்னல் தாண்டாமல் நின்றால் நரகம்தான். ஆனால் அதே இடத்தில் அரைக்கைச் சட்டையோடு நிற்கிறவரும் நரகத்தில்தான் நிற்கிறார், அவர் மேல் வெயில் நேராக வேறு விழுகிறது. உள்ளே மெல்லிய, சீக்கிரம் காய்கிற முழுக்கை பனியன் போட்டால் ஜாக்கெட் தோலில் ஒட்டாது. நீளப் பயணம் என்றால் அந்த பனியனைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போட்டுக்கொள்வேன், அரை மணி நேரமாவது ஏ.சி. மாதிரி இருக்கும். நிறத்தையும் பாருங்கள். கடைக்காரர்கள் பத்துக்கு எட்டு கறுப்பாகத்தான் எடுத்துப் போடுவார்கள். வெளிர் சாம்பல் கேளுங்கள், உள்ளே இருந்து எடுத்து வருவார்கள்.

ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் நடந்த பேச்சு இது.

"அண்ணா, இது நாலு சீசனுக்கும் ஆகும்ணா. தெர்மல் லைனர், ரெயின் லைனர் ரெண்டும் உள்ளயே இருக்கு."

"நமக்கு ஏதுப்பா நாலு சீசன்?"

"லடாக் போனீங்கன்னா?"

"நான் பல்லாவரம் போறேம்ப்பா."

பையன் சிரித்துவிட்டான். ஆனால் லடாக்கை மனதில் வைத்து ஜாக்கெட் வாங்கி, பல்லாவரத்துக்குப் போட முடியாமல் வீட்டில் வைத்திருக்கிறவர்கள் ஏராளம். ரெயின் லைனர், அதாவது ஜாக்கெட்டுக்குள் வைத்திருக்கிற மழைத் தடுப்பு உள்துணி, அதுவும் நம் மழைக்கு உதவாது. ஐப்பசி மழையில் உள்ளே லைனர் இருந்தால் நாம் நனையாமல் இருக்கலாம், வெளித்துணி அவ்வளவு தண்ணீரையும் குடித்துவிட்டு ஈரச் சாக்காகத் தொங்கும். மறுநாள் காலையிலும் காய்ந்திருக்காது. மெஷ் ஜாக்கெட்டுக்கு மேலே போட ஒரு சைஸ் பெரிய மஞ்சள் ரெயின்கோட் தனியாக வாங்குவது சுலபம். மழை இருட்டில் பின்னால் வருகிற பஸ் டிரைவர் கண்ணுக்கும் நாம் தெரிவோம்.

சைஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று தொளதொளவென்று வாங்காதீர்கள். முழங்கையிலும் தோளிலும் அடியைத் தாங்க வைத்திருக்கிற பட்டைகள் விழுகிற நேரத்தில் அந்தந்த இடத்தில் இருந்தால்தான் பிரயோஜனம். தொளதொள ஜாக்கெட்டில் அவை திரும்பிப் போய்விடும். கடையில் நேராக நின்று கண்ணாடி பார்ப்பதைவிட, வெளியே நிறுத்தியிருக்கிற உங்கள் வண்டியில் உட்கார்ந்து, ஹேண்டிலைப் பிடித்து, முழங்கைப் பட்டை முழங்கையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

லேபிளில் ஒரு தந்திரம் உண்டு. 'சி.இ. ஆர்மர்' (சி.இ. என்பது ஐரோப்பிய முத்திரை) என்று எழுதியிருந்தால் உள்ளே இருக்கிற பட்டைக்கு மட்டும்தான் சான்று என்று அர்த்தம். இ.என். 1621-1 என்பது அந்தப் பட்டைக்கான ஐரோப்பியத் தரம், அதில் லெவல் 1, லெவல் 2 உண்டு. 2-தான் அடியை அதிகம் தாங்கும். ஜாக்கெட் துணியும் தையலும் சோதிக்கப்பட்டதா என்று தெரிய இ.என். 17092 இருக்கிறதா என்று தேட வேண்டும். அதில் ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ என்று மேலே ஏறும் படி உண்டு. நல்ல காற்றோட்டமான மெஷ் பெரும்பாலும் சிங்கிள் ஏவில் நிற்கும். சிலர் அதைக் கேவலமாகப் பேசுவார்கள். ஆபீஸ் போய் வருகிறவருக்கு அது போதும் என்பது என் கட்சி. பந்தயம் ஓட்ட இருங்காட்டுக்கோட்டைக்குப் போகிறவர்கள் லெதர் போடட்டும். முதுகில் மட்டும் வெறும் ஃபோம் அட்டையைச் சொருகி ஏமாற்றுவார்கள். அதைக் கழற்றிவிட்டு உண்மையான பேக் ப்ரொடெக்டர் வாங்கிப் போடுங்கள்.

பட்ஜெட் குறைவு, ஜாக்கெட்டே இப்போது வேண்டாம் என்றால் கையிலும் காலிலும் ஆரம்பியுங்கள். விழும்போது எவனும் யோசித்து விழுவதில்லை, கை தானாக முன்னால் போய் ஊன்றும். உள்ளங்கைத் தோல் போனால் என்னாகும்? சாப்பிட முடியாது, பல் தேய்க்க முடியாது, மற்றதைச் சொல்லவே வேண்டாம். ஊர் முழுக்க மாட்டியிருக்கிற வெயில் உறைகளில் பல மணிக்கட்டோடு நின்றுவிடுகின்றன, மிச்சம் வெறும் காட்டன். மேல்பக்கம் மெஷ், உள்ளங்கையில் தோல், மணிக்கட்டுக்குக் கிட்டே வழுக்கிச் செல்கிற பிளாஸ்டிக் வில்லை, மணிக்கட்டில் பட்டி. கிளவுஸில் இவ்வளவு இருந்தால் போதும். வெயிலையும் அதுவே தடுக்கும்.

செருப்பு பற்றிப் பேசினால் சண்டை வரும். இருந்தாலும் சொல்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்டுக்குப் போகிற கம்பெனித் தொழிலாளி சேஃப்டி ஷூவோடு வண்டி ஓட்டுகிறார். ஒன்றரை லட்ச ரூபாய் பைக்கில் ஓ.எம்.ஆரில் பறக்கிற ஐ.டி. தம்பி கிராக்ஸ் போட்டிருக்கிறான். பைக்குக்கென்றே செய்த ஷூ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கணுக்காலை மூடுகிற, லேஸ் போட்டுக் கட்டுகிற எதுவும் செருப்பைவிட மேல்.

ஹெல்மெட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன். 2015 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் ஓட்டுகிறவருக்கும் பின்னால் உட்காருகிறவருக்கும் கட்டாயம், போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம், எல்லாருக்கும் தெரியும். அப்படியும் 2022-இல் நாடு முழுவதும் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்தவர்கள். போடாததற்கும், போட்டுவிட்டுப் பட்டியை மாட்டாமல் விடுவதற்கும் பாதிக் காரணம் அளவு சரியில்லாத ஹெல்மெட் என்பது என் சந்தேகம். நெற்றியில் குத்துகிறது, காது மடங்குகிறது, அதனால் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கிறது. கடையில் இருபது நிமிஷம் தலையிலேயே வைத்திருந்து பாருங்கள். கன்னத்தை இறுக்கலாம், அது நாளாக நாளாகத் தளரும். நெற்றியில் ஒரே இடத்தில் வலித்தால் அந்த ஹெல்மெட்டின் வடிவம் உங்கள் தலைக்கு இல்லை. உள்துணியைக் கழற்றித் துவைக்க முடிகிறதா என்பது சென்னையில் முதல் கேள்வி. இரண்டே மாதத்தில் நாறும் ஹெல்மெட்டை யார் ஆசையாகப் போடுவார்கள்? ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, தாடையை மூடுகிற ஃபுல் ஃபேஸ் எடுங்கள். ஹெல்மெட்டில் விழும் அடிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாடைப் பக்கம்தான் விழுகிறது என்று ஜெர்மனியில் 1980-களிலேயே கணக்கெடுத்திருக்கிறார்கள். அரை மண்டை ஹெல்மெட் போலீஸுக்கு மட்டும்தான் உதவும்.

இனி யாரும் பேசாத வசதி ஒன்று: போய்ச் சேர்ந்த பிறகு இதையெல்லாம் எங்கே வைப்பது? என் மனைவி தாம்பரம் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஹெல்மெட் வைத்தால் ஜாக்கெட்டுக்கு இடம் இல்லை, ஜாக்கெட் வைத்தால் டிபன் பாக்ஸுக்கு இடம் இல்லை. "இதை மாட்டிக்கிட்டு ஸ்டாஃப் ரூமுக்குள்ள எப்படிங்க போறது, பசங்க சிரிப்பாங்க" என்றாள். நியாயம்தானே? கடைசியில் சுருட்டி ஒரு துணிப்பையில் அடைக்கிற மாதிரி மெல்லிய மெஷ் ஜாக்கெட்டும், அதைத் தொங்கவிட பள்ளியில் ஒரு கொக்கியும் என்று முடிந்தது. துப்பட்டா ஜாக்கெட்டுக்குள் போய்விடுவதால் பின் சக்கரத்தில் மாட்டுமோ என்ற பயமும் போயிற்று. எத்தனையோ ஆபீஸ்கள் டேபிள் டென்னிஸ் மேஜை வாங்கிப் போடுகின்றன. பார்க்கிங்குக்குப் பக்கத்தில் பத்து லாக்கரும் ஒரு ஃபேனும் வைத்தால் இன்னும் நூறு பேர் கியர் போட்டு வருவார்கள்.

டெலிவரி பையன்கள் விஷயத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. நாளெல்லாம் ரோட்டிலேயே இருக்கிறவர்களுக்குக் கம்பெனிகள் கொடுப்பது பளிச்சென்ற நிறத்தில் ஒரு பாலியஸ்டர் டீ-சர்ட்டும் முதுகில் பெரிய பையும். அதே நிறத்தில், அதே லோகோவோடு, தோளிலும் முழங்கையிலும் பட்டை வைத்த மெஷ் ஜாக்கெட் தைப்பது ஒன்றும் ராக்கெட் வித்தை இல்லை. மொத்தமாக ஆர்டர் கொடுத்தால் விலையும் குறையும். விளம்பரப் பலகைக்குச் செலவழிக்கிற காசில் இது எந்த மூலைக்கு?

இப்போது ஒரு உதவி. மனைவிக்கு ஜாக்கெட் கிடைத்துவிட்டது, கிளவுஸ் கிடைக்கவில்லை. பெண்கள் கைக்கு என்று கொடுப்பதெல்லாம் ஆண்கள் ஸ்மால் சைஸில் பிங்க் கோடு போட்டதாக இருக்கிறது. விரல் நுனியில் அரை அங்குலம் சும்மா தொங்குகிறது, பிரேக் பிடிக்கும்போது மடிகிறது. சின்னக் கைக்குச் சரியாக, உள்ளங்கை தோல் வைத்து, வெயிலுக்குத் தாங்குகிற மாதிரி சென்னையில் எங்கே கிடைக்கிறது என்று வாங்கிப் போட்டவர்கள் சொல்லுங்கள். ஆன்லைன் லிங்க் வேண்டாம், போட்டுப் பார்த்து வாங்குகிற கடையாக இருக்கட்டும்.